டாலிபிரைமில் ஸ்டாக் குரூப் அமைப்பது: எலக்ட்ரிக்கல், ஹார்டுவேர் கடைக்கு ஒரு செய்முறை

டாலிபிரைம் என்ற கணக்கு மென்பொருளில் கம்பெனியைத் திறந்த அன்றே பில் போட ஆரம்பித்துவிடலாம். ஐட்டம் இல்லையென்றால் பில் திரையிலேயே ஆல்ட்+சி அழுத்தி உண்டாக்கிக்கொள்ளலாம். பல கடைகளில் சரக்குப் பட்டியல் கெட்டுப்போவது இந்த வசதியால்தான். கொஞ்ச நாளில் ஒரே 1.5 சிகப்பு ஒயர் மூன்று பெயரில் கிடக்கும். ஒன்றில் மீட்டர், இன்னொன்றில் எண்ணிக்கை, மூன்றாவதில் மைனஸ் ஸ்டாக். "ஹவுஸ் ஒயர் மொத்தம் எவ்வளவு இருக்கு?" என்று முதலாளி கேட்டால் கணக்குப்பிள்ளை கால்குலேட்டரைத் தேடுவார்.

எலக்ட்ரிக்கல், பிளம்பிங், ஹார்டுவேர் மூன்றையும் சேர்த்து விற்கும் கடையை வைத்து இதை விளக்குகிறோம். ஒயர் மீட்டரில் போகும், ஆணி கிலோவில், சிமெண்ட் மூட்டையில், சுவிட்ச் எண்ணிக்கையில். மண்வெட்டிக்கு வரி கிடையாது, பக்கத்தில் மாட்டியிருக்கும் சுத்தியலுக்கு 18 சதவீதம். இந்தக் கடையின் பட்டியலை ஒழுங்காகக் கட்டத் தெரிந்தவருக்கு மளிகைக் கடையும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையும் சிரமமாக இருக்காது.

எதை எங்கே வைப்பது

சரக்கை வகைப்படுத்த டாலி பல பெட்டிகளைத் தருகிறது: ஸ்டாக் குரூப், ஸ்டாக் கேட்டகரி, ஸ்டாக் ஐட்டம், யூனிட், குடோன், பேட்ச். தவறு பெரும்பாலும் ஒரு பெட்டிக்குரியதை இன்னொன்றில் போடுவதில்தான் ஆரம்பிக்கிறது. "மாடி ரூம் சரக்கு" என்று ஒரு குரூப், சப்ளையர் பெயரில் ஒரு குரூப், "ஆஃபர் ஐட்டம்" என்று ஒரு குரூப். இவை மூன்றுமே தவறு. சரக்கு மாடியிலிருந்து கீழே இறங்கும், சப்ளையர் மாறுவார், ஆஃபர் முடியும். மாறக்கூடியதை வைத்துக் குரூப் கட்டினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மாஸ்டரை (ஐட்டம், குரூப் போன்றவற்றின் அடிப்படைப் பதிவை) திறக்க வேண்டியிருக்கும்.

குரூப் என்பது "இந்தப் பொருள் என்ன?" என்ற கேள்விக்கு மட்டும் பதில். கேட்டகரி "யாருடைய சரக்கு?" என்பதற்கு, அதாவது பிராண்டுக்கு. "எங்கே இருக்கிறது?" என்பது குடோன். "எப்போது வந்த லாட்?" என்பது பேட்ச். அளவும் நிறமும் ஐட்டத்தின் பெயருக்குள் போகும்.

ஒரு ஐட்டம் ஒரே ஒரு குரூப்பில்தான் இருக்க முடியும், கேட்டகரியும் ஒன்றே ஒன்றுதான். ஆகவே கேட்டகரியைப் பிராண்டுக்குக் கொடுத்துவிட்டால் நிறத்துக்குக் கொடுக்க முடியாது. எலக்ட்ரிக்கல் கடையில் பிராண்டுக்கே கொடுங்கள். விலைப் பட்டியல் கம்பெனி வாரியாக வருகிறது, தாமிர விலை ஏறினால் ஒயர் கம்பெனிகள் தங்கள் லிஸ்ட்டைத் திருத்துகின்றன, டீலர் டிஸ்கவுண்டும் பிராண்டு வாரியாகத்தான். டாலியில் பிரைஸ் லிஸ்ட்டைக் குரூப் வாரியாகவும் போடலாம், கேட்டகரி வாரியாகவும் போடலாம் என்பதால் இந்த ஏற்பாடு நன்றாகப் பொருந்தும்.

முதலில் காகிதத்தில்

கணினியைத் தொடும் முன் கடந்த மூன்று மாதக் கொள்முதல் பில்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அலமாரியைப் பார்த்து எழுதினால் நகராத சரக்கெல்லாம் முதலில் வந்து நிற்கும். பில்லைப் பார்த்து எழுதினால் ஓடுகிற சரக்கு முதலில் வரும், ஹெச்எஸ்என் எண்ணும் (ஜிஎஸ்டியில் சரக்கின் வகையைக் காட்டும் குறியீடு) அதிலேயே கிடைத்துவிடும்.

குரூப்புக்குள் குரூப் என்று கிளைவிடும் மரத்துக்கு இரண்டு அடுக்கு போதும், மூன்றுக்கு மேல் வேண்டாம். நான்காவது அடுக்கு அழகுக்குத்தான் ஆகும். பில் போடும் பையன் புது ஐட்டத்தை எங்கே வைப்பது என்று யோசிக்கிற நேரத்தில் பிரைமரியிலேயே, அதாவது எந்தக் குரூப்பிலும் சேர்க்காமல், விட்டுவிட்டுப் போய்விடுவான்.

உச்சியில் எலக்ட்ரிக்கல், பிளம்பிங், ஹார்டுவேர், பெயிண்ட், சிமெண்ட். எலக்ட்ரிக்கலுக்குக் கீழே ஹவுஸ் ஒயர், ஃப்ளெக்சிபிள் கேபிள், சுவிட்ச் & சாக்கெட், எம்சிபி (மின்சாரம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), டிபி பாக்ஸ் (எம்சிபிகளை மாட்டும் பெட்டி), எல்இடி பல்ப், எல்இடி பேட்டன், ஃபேன், கான்டியூட் பைப், கான்டியூட் ஃபிட்டிங். பிளம்பிங்குக்குக் கீழே பிவிசி பைப், பிவிசி ஃபிட்டிங், சிபிவிசி பைப், சிபிவிசி ஃபிட்டிங், குழாய் & வால்வு. ஹார்டுவேருக்குக் கீழே ஆணி, ஸ்க்ரூ & போல்ட், ஸ்பேனர், சுத்தியல், விவசாயக் கைக்கருவி. பெயிண்டுக்குக் கீழே எனாமல், எமல்ஷன்.

எம்சிபியையும் டிபி பாக்ஸையும் ஏன் பிரித்தோம், பல்பையும் பேட்டனையும் ஏன் பிரித்தோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மரத்தின் கடைசிக் கிளையில் இருக்கும் குரூப் இரண்டு சோதனையில் தேற வேண்டும். அதில் உள்ள எல்லா ஐட்டத்துக்கும் ஒரே யூனிட் இருக்க வேண்டும், ஒரே நான்கு இலக்க ஹெச்எஸ்என் இருக்க வேண்டும். எம்சிபி 8536, டிபி போர்டு 8537. எல்இடி பல்ப் 8539, சுவரில் மாட்டும் பேட்டன் விளக்கு 9405. பைப்பும் ஃபிட்டிங்கும் இரண்டுமே 3917தான், ஆனால் பைப் நீளத்தில் போகிறது, எல்போவும் டீயும் எண்ணிக்கையில் போகின்றன. அதனால் அவையும் பிரிகின்றன. பெயிண்டில் எனாமல் 3208, தண்ணீர் கலக்கும் எமல்ஷன் 3209. ஆணி 7317, ஸ்க்ரூ போல்ட் 7318.

கைக்கருவியில் கவனம் அதிகம் தேவை. மண்வெட்டி, கோடாரி போன்றவை 8201-இல் வருகின்றன, அவற்றுக்கு ஜிஎஸ்டி இல்லை. ஸ்பேனர் 8204, சுத்தியல் 8205, இவற்றுக்கு 18 சதவீதம். ஒரே "டூல்ஸ்" குரூப்பில் இவற்றைப் போட்டு மேலே 18 சதவீதம் என்று எழுதிவிட்டால், வரியில்லாத மண்வெட்டிக்கு வாடிக்கையாளரிடம் வரி வசூலித்தவர் ஆவீர்கள். அப்படி வசூலித்ததை அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும்.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு உண்டு. "ஹவுஸ் ஒயர் 1.5", "ஹவுஸ் ஒயர் 2.5" என்று அளவுக்கு ஒரு குரூப் கட்டுவது. ஒரு குரூப்பில் ஐந்து ஐட்டம்கூடத் தேறாது என்றால் அது குரூப் அல்ல, ஐட்டம் பெயரில் ஒரு சொல்.

யூனிட்டுதான் முதல் வேலை

குரூப்பில் தவறு செய்தால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். யூனிட்டில் அப்படி இல்லை. ஒரு ஐட்டத்தில் ஒரு பில் விழுந்துவிட்டால் அதன் யூனிட்டை மாற்ற டாலி விடாது. புது ஐட்டம் போட்டு, ஸ்டாக் ஜர்னல் மூலம் பழையதன் இருப்பைப் புதியதற்கு நகர்த்த வேண்டும். பழையதை நீக்கவும் முடியாது, பில்லில் இருக்கிறதே. ஆகவே மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

டாலியின் முதல் திரையான கேட்வே ஆஃப் டாலி, கிரியேட், யூனிட். ஒவ்வொன்றுக்கும் சிம்பல், முழுப்பெயர், யூக்யூசி, தசம இடம் என நான்கு விவரம். எண்ணிக்கைக்கு தசமம் 0, மீட்டருக்கு 2, கிலோவுக்கு 3. மீட்டருக்கு தசமம் 0 என்று விட்டால் ஏழரை மீட்டர் ஒயருக்குப் பில் போட முடியாது. யூக்யூசி என்பது ஜிஎஸ்டி தளம் ஏற்கும் அளவுக் குறியீடு, டாலியே பட்டியல் காட்டும், அதிலிருந்து தேர்ந்தெடுங்கள். இதை விட்டுவிட்டால் இப்போதைக்கு ஒன்றும் தெரியாது, ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்) போடும்போது ஹெச்எஸ்என் தொகுப்பில் வந்து நிற்கும்.

அடுத்து, ஐட்டத்துக்கு எது மூல யூனிட்? எந்த மிகச் சிறிய அளவில் கடையில் வெட்டி, பிரித்து விற்கிறீர்களோ அதுதான். ஒயர் காயிலாக (சுருளாக) வருகிறது, ஒரு காயில் 90 மீட்டர். கவுன்டரில் பத்து மீட்டர், இருபது மீட்டர் வெட்டித் தருகிறீர்கள் என்றால் மூல யூனிட் மீட்டர். காயிலை ஆல்டர்னேட் யூனிட்டாக வையுங்கள். ஐட்டம் திரையில் எஃப்12 அழுத்தி ஆல்டர்னேட் யூனிட்டை யெஸ் ஆக்கினால் அந்த இடம் வரும். அங்கே 1 காயில் = 90 மீட்டர் என்று கொடுக்க வேண்டும். பிறகு கொள்முதலில் "5 காயில்" என்று தட்டினால் டாலி அதை 450 மீட்டராக எடுத்துக்கொள்ளும். காயிலை வெட்டுவதே இல்லை, முழுசாகத்தான் விற்கிறோம் என்றால் எண்ணிக்கையே போதும், மீட்டர் தேவையில்லை.

காம்பவுண்ட் யூனிட் என்றும் ஒன்று உண்டு: 10 எண்ணிக்கை கொண்ட பாக்ஸ், 20 எண்ணிக்கை கொண்ட பாக்ஸ் என ஒவ்வொன்றும் தனித்தனி யூனிட். சுவிட்சில் ஒரு கம்பெனி 10, இன்னொன்று 20, சாக்கெட்டில் வேறு என்று பேக்கிங் மாறிக்கொண்டே இருக்கும் கடைக்கு இது ஒத்துவராது. யூனிட் பட்டியல் பெருத்துப்போகும். ஆல்டர்னேட் யூனிட்டில் மாற்று விகிதம் அந்தந்த ஐட்டத்துக்குள்ளேயே இருப்பதால் பாக்ஸ் என்று ஒரே ஒரு யூனிட் போதும்.

ஒயரில் நடக்கும் பொதுவான கோளாறு ஒன்று. மூல யூனிட் மீட்டர் என்று வைத்தபின், கொள்முதல் போடுபவர் சப்ளையர் பில்லில் இருந்த "5" என்ற எண்ணை அப்படியே தட்டி, விலைக் கட்டத்தில் காயில் விலையைப் போட்டுவிடுவார். பில் தொகை சரியாக வரும், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் ஸ்டாக்கில் 450 மீட்டருக்குப் பதில் 5 மீட்டர்தான் ஏறியிருக்கும், ஒரு மீட்டர் விலை காயில் விலையாக நிற்கும். முதல் வெட்டிலேயே மைனஸ் விழும். ஸ்டாக் சம்மரியில் ஹவுஸ் ஒயரின் சராசரி விலை கண்ணுக்கே பொருந்தாமல் இருந்தால் முதலில் இதைத் தேடுங்கள். வாங்கும் பில்லில் எண்ணோடு "காயில்" என்ற சொல்லையும் தட்டுவது பழக்கமாக வேண்டும்.

பைப்புக்கு: சிபிவிசி 3 மீட்டர், 5 மீட்டர் என்று இரண்டு நீளத்தில் வருகிறது. வெட்டித் தருவதில்லை என்றால் "லென்த்" என்று எண்ணி, நீளத்தை ஐட்டம் பெயரில் எழுதுங்கள். பாதி லென்த் விற்பீர்கள் என்றால் மீட்டர். பெயிண்டில் டின்னை எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள், 20 லிட்டர் டின்னை யாரும் பிரித்து விற்பதில்லை. டின்டிங் மெஷின் (பெயிண்டில் நிறம் கலக்கும் இயந்திரம்) வைத்திருக்கும் கடையில் நிறம் ஐட்டமே அல்ல. இருப்பில் இருப்பது நிறம் கலக்காத பேஸ் மட்டும். ஆயிரக்கணக்கான ஷேடுகளை ஐட்டமாக ஏற்ற வேண்டாம், ஷேடு எண்ணை பில்லில் ஐட்டத்தின் டிஸ்கிரிப்ஷனில் எழுதினால் போதும்.

குரூப் போடுவது

கிரியேட், ஸ்டாக் குரூப். பெயர் கொடுத்து, "அண்டர்" என்ற இடத்தில் உச்சி குரூப்புக்கு பிரைமரி, கீழே உள்ளதற்கு அதன் தாய் குரூப். மேலிருந்து கீழாகப் போடுங்கள், திரும்பத் திரும்பப் போய்வர வேண்டியிருக்காது.

அடுத்த கேள்வி பலர் படிக்காமலே தாண்டுவது: இந்தக் குரூப்பிலுள்ள ஐட்டங்களின் அளவைக் கூட்டிக் காட்டலாமா? ஹவுஸ் ஒயரில் எல்லாம் மீட்டர், கூட்டினால் அர்த்தம் இருக்கிறது, யெஸ். ஆணியில் எல்லாம் கிலோ, யெஸ். பெயிண்டில் 1 லிட்டர் டின்னும் 20 லிட்டர் டின்னும் சேர்ந்து "2" என்று காட்டும், அதனால் யாருக்கும் பயனில்லை, நோ. எலக்ட்ரிக்கல் என்ற தாய் குரூப்புக்கும் நோ. மீட்டரையும் எண்ணிக்கையையும் எப்படிக் கூட்டுவது? "யெஸ் போட்டும் மொத்தம் வரவில்லையே" என்று வரும் கேள்விக்குப் பதில் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான்: உள்ளே ஏதோ ஒரு ஐட்டம் வேறு யூனிட்டில் இருக்கிறது.

பிறகு ஹெச்எஸ்என், வரி. கடைசிக் கிளை குரூப்பில் இரண்டையும் நேரடியாகக் கொடுத்துவிட்டு, ஐட்டத்தில் "கம்பெனி / ஸ்டாக் குரூப்பில் உள்ளபடி" என்று விட்டுவிடுங்கள். ஐட்டத்தில் எழுதினால் அது குரூப்பில் உள்ளதை மீறும். இது நல்லதும் கெட்டதும். விதிவிலக்கான ஒரு ஐட்டத்துக்கு இது வழி. ஆனால் வழக்கமாகவே ஐட்டம் ஐட்டமாக எழுதி வைத்தால் வரி மாறும் நாளில் ஒவ்வொன்றையும் திறக்க வேண்டும். 2022 ஜூலை 18-இல் எல்இடி விளக்குகள் 12-இலிருந்து 18 சதவீதத்துக்குப் போயின. 2025 செப்டம்பர் 22-இல் சிமெண்ட் 28-இலிருந்து 18-க்கு இறங்கியது. குரூப்பில் வரி வைத்திருந்த கடைக்கு இந்த இரண்டும் ஒரே ஒரு திரையில் முடியும் வேலை.

வரி மாறும்போது பழைய விகிதத்தை அழித்து எழுத வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து என்பதையும் சேர்த்துப் புது விகிதத்தைக் கொடுங்கள். அப்போதுதான் பழைய பில் ஒன்றைத் திறந்து திருத்தினால் அன்றைய விகிதமே நிற்கும்.

ஹெச்எஸ்என் எத்தனை இலக்கம் என்பது விற்றுமுதலைப் பொறுத்தது. முந்தைய நிதியாண்டில் 5 கோடிக்கு மேல் போன வணிகத்துக்கு ஆறு இலக்கம், அதற்குள் என்றால் பதிவு பெற்றவருக்குப் போடும் பில்லில் நான்கு இலக்கம். ஆறு இலக்கம் வேண்டிய கடையில் சில குரூப்புக்குள் வேறுபாடு வரும், அங்கே மட்டும் ஐட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 2025 மே மாத ஜிஎஸ்டிஆர்-1 முதல் ஹெச்எஸ்என் அட்டவணையில் எண்ணைக் கையால் தட்ட முடியாது, பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். பதிவு பெற்றவருக்கு விற்றதும் மற்றவருக்கு விற்றதும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். ஆகவே வாய்க்கு வந்த எண்ணைப் போட்டு ஒப்பேற்றிய காலம் முடிந்தது.

கேட்டகரி

கிரியேட் பட்டியலில் ஸ்டாக் கேட்டகரி செயலில் இல்லையென்றால் இயக்கட்டுமா என்று டாலியே கேட்கும். கேட்டகரிக்குள்ளும் அடுக்கு உண்டு. மேலே பினோலெக்ஸ், ஹேவல்ஸ் என்று பிராண்டு, தேவைப்பட்டால் அதன் கீழே சுவிட்ச் சீரிஸ். ஒரு கம்பெனியின் இரண்டு சுவிட்ச் சீரிஸ்களின் பிளேட் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்றால் சீரிஸ் வரை இறங்குவது நல்லது. இல்லையென்றால் பிராண்டோடு நிறுத்துங்கள். ஆணிக்கும் மண்வெட்டிக்கும் பிராண்டு தேடிக்கொண்டிருக்க வேண்டாம், "லோக்கல்" என்று ஒரு கேட்டகரி போதும்.

ஐட்டத்தின் பெயர்

பெயருக்கு ஒரு வரிசை வகுத்து, எழுதிக் கவுன்டரில் ஒட்டுங்கள்: வகை, அளவு, நிறம் அல்லது மாடல், பிராண்டு. "ஒயர் 1.5 சிகப்பு பினோலெக்ஸ்", "எம்சிபி 16ஏ சிங்கிள் போல் ஹேவல்ஸ்", "சிபிவிசி எல்போ 20எம்எம் லோக்கல்". வரிசை எதுவாக இருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் எல்லா ஐட்டத்துக்கும் அதே வரிசை இருக்க வேண்டும். ஒருவர் நிறத்தை முன்னால் எழுதி, இன்னொருவர் பின்னால் எழுதினால் இரண்டையும் வேறு ஐட்டம் என்றே டாலி எடுத்துக்கொள்ளும்.

பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் கேட்கும் பெயர் வேறாக இருக்கும். 20 எம்எம் சிபிவிசியை முக்கால் இன்ச் என்றுதான் கேட்பார்கள். அதை அலையஸ் (மாற்றுப்பெயர்) கட்டத்தில் எழுதுங்கள், பில் திரையில் அதைத் தட்டினாலும் ஐட்டம் வரும். கம்பெனியின் கேட்லாக் எண்ணைப் பார்ட் நம்பரில் வையுங்கள். இந்த இரண்டையும் பெயருக்குள் திணிக்கத் தேவையில்லை.

நிறத்துக்குத் தனி ஐட்டம் வேண்டுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.75, 1, 1.5, 2.5, 4, 6 என்று ஆறு அளவு, ஐந்து நிறம், மூன்று பிராண்டு: தொண்ணூறு ஐட்டம், ஹவுஸ் ஒயரில் மட்டும். ஓடும் அளவுகளான 1, 1.5, 2.5 மூன்றுக்கும் நிறம் தனியாக இருக்கத்தான் வேண்டும். சிகப்பு தீர்ந்து பச்சை மட்டும் பத்து காயில் கிடக்கும்போது "1.5 ஒயர் 900 மீட்டர் இருக்கிறது" என்ற தகவலால் ஆர்டர் போட முடியாது. 4, 6 போன்ற அளவுகள் மாதத்துக்கு ஓரிரு காயில்தான் போகின்றன என்றால் நிறத்தை விட்டுவிடலாம். எல்லாவற்றுக்கும் ஒரே விதி என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். எதைத் தனியாக எண்ணி ஆர்டர் போடுகிறீர்களோ அது தனி ஐட்டம்.

எக்செலில் ஏற்றுவது

ஐம்பது ஐட்டம் வரை கையால் போடலாம். அதற்கு மேல் போனால் எக்செல். டாலிபிரைம் 4.0 முதல் மாஸ்டர்களை எக்செலிலிருந்து நேரடியாக ஏற்றும் வசதி வந்துவிட்டது. ஆல்ட்+ஓ அழுத்தி இம்போர்ட்டில் மாஸ்டர்ஸ், மாதிரி ஃபைலை எடுத்து அந்தத் தலைப்புகளின் கீழேயே நிரப்புங்கள். உங்கள் ஃபைலின் தலைப்புகள் வேறாக இருந்தால் எந்தத் தலைப்பு டாலியின் எந்தக் கட்டத்துக்கு என்று மேப்பிங்கில் காட்டிக் கொடுக்க வேண்டும். யூனிட், குரூப், கேட்டகரி, ஐட்டம் என்ற வரிசையில் ஏற்றுங்கள். ஐட்டம் ஏறும் நேரத்தில் அது கேட்கும் குரூப் ஏற்கெனவே உள்ளே இருக்க வேண்டும்.

பிளம்பிங் சரக்கில் எக்செல் ஒரு வேலை காட்டும். அளவு கட்டத்தில் 1/2 என்று தட்டினால் அதைத் தேதியாக மாற்றிவிடும், 3/4-உம் அப்படித்தான். தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் ஃபார்மட்டுக்கு மாற்றுங்கள், தேதியான பிறகு மாற்றினால் ஐந்து இலக்க எண் ஒன்று வந்து நிற்கும். இன்ச் குறியாக இரட்டை மேற்கோள் போடாமல் "இன்ச்" என்றே எழுதிவிடுவது நிம்மதி. பெயர்களை வரிசைப்படுத்தும்போது 10 எம்எம், 2.5 எம்எம்முக்கு முன்னால் வரும், டெக்ஸ்டாக இருப்பதால். பயப்பட வேண்டாம், எதுவும் தொலையவில்லை.

இதைவிடப் பெரிய பள்ளம் இம்போர்ட்டின் செட்டிங்கில் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள மாஸ்டர் மறுபடி வந்தால் என்ன செய்வது என்பதற்கு மூன்று வழி உண்டு: ஓப்பனிங் பேலன்ஸைச் சேர்ப்பது, இருப்பதை விட்டுவிடுவது, புதிய விவரத்தால் மாற்றுவது. சேர்ப்பது என்று இருக்கும்போது, முதல் தடவை பாதியில் பிழை வந்ததென்று அதே ஃபைலை மறுபடி ஏற்றினால், முதலில் ஏறியவற்றின் ஓப்பனிங் ஸ்டாக் இரட்டிப்பாகும். பிழை என்று திரையில் எதுவும் வராது, ஸ்டாக் மதிப்பு மட்டும் வீங்கியிருக்கும். ஏற்றுவதற்கு முன் ஆல்ட்+ஒய்யில் பேக்கப் எடுங்கள். மறுபடி ஏற்ற நேர்ந்தால் பேக்கப்பைத் திரும்ப வைத்துவிட்டு ஏற்றுங்கள், அல்லது "மாற்றுவது" என்பதைத் தேர்ந்தெடுங்கள். முடிந்ததும் எக்செலில் உள்ள மொத்த மதிப்பும் ஸ்டாக் சம்மரியின் ஓப்பனிங் மதிப்பும் பைசா சுத்தமாகப் பொருந்துகிறதா பாருங்கள்.

சோதனைக் கம்பெனி

நிஜக் கம்பெனியில் ஏற்றும் முன் "டெஸ்ட்" என்று ஒரு கம்பெனி திறந்து, ஒவ்வொரு குரூப்பிலும் இரண்டு ஐட்டம் வைத்து ஒரு சுற்று போய் வாருங்கள். 5 காயில் ஒயர் கொள்முதல். 12.50 மீட்டர் விற்பனை. ஒரு மண்வெட்டியும் ஒரு சுத்தியலும் ஒரே பில்லில். இரண்டரைக் கிலோ ஆணி. ஒரு சிமெண்ட் மூட்டை திரும்பி வருகிறது.

பிறகு மூன்று இடத்தைப் பாருங்கள். ஸ்டாக் சம்மரியில் ஹவுஸ் ஒயர் 437.50 மீட்டர் என்று நிற்க வேண்டும். கேட்டகரி சம்மரியில் பிராண்டு வாரியாகப் பிரிந்திருக்க வேண்டும். ஜிஎஸ்டிஆர்-1-இல் மண்வெட்டி வரியில்லாத பக்கத்திலும் சுத்தியல் 18 சதவீதத்திலும், "விவரம் போதவில்லை" என்ற பகுதியில் எதுவும் இல்லாமலும் இருக்க வேண்டும். ஏதாவது சரியில்லை என்றால் இப்போது மாற்றினால் பத்து நிமிட வேலை, யூனிட்டையும் சேர்த்து.

ஓட ஆரம்பித்த பிறகு

ஐட்டத்தை ஒரு குரூப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, ஆல்டர் திரையில் "அண்டர்" கட்டத்தை மாற்றினால் போதும். நிறைய ஐட்டம் என்றால் சார்ட் ஆஃப் அக்கவுண்ட்ஸ், ஸ்டாக் ஐட்டம்ஸ், ஆல்ட்+ஹெச், மல்டி ஆல்டர். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்: டாலி பழைய இடத்தை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. இன்று மாற்றினால் போன வருட அறிக்கையிலும் அந்த ஐட்டம் புதுக் குரூப்பில்தான் தெரியும். வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட் குரூப் வாரியாக இருந்தால், பிறகு எடுக்கும் அறிக்கை அதோடு பொருந்தாது. பெரிய மாற்றங்களை ஏப்ரல் 1-க்கு வைத்துக்கொண்டு, அதற்கு முன் பழைய அமைப்பில் ஸ்டாக் சம்மரியை பிடிஎஃப்பாக எடுத்து வையுங்கள். குரூப்பில் வரி வைத்திருந்தால், இடம் மாறும் ஐட்டத்தின் வரியும் மாறிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒயர் வெட்டும் கடையில் காயிலின் வாலில் ஒன்றிரண்டு மீட்டர் எப்போதும் வீணாகும். அது ஸ்டாக்கில் இருந்துகொண்டே இருக்கும். மாதம் ஒருமுறை எண்ணிப் பார்த்து பிசிக்கல் ஸ்டாக் வவுச்சரில் சரிசெய்யாவிட்டால், வருடக் கடைசியில் இல்லாத ஒயர் ஒரு காயில், இரண்டு காயில் என்று சேர்ந்திருக்கும். சிமெண்டுக்கு பேட்சை இயக்கி, மூட்டையில் அச்சிட்ட வாரத்தையும் ஆண்டையும் பேட்ச் எண்ணாக வைத்தால் பழைய லாட் பின்னால் தங்காமல் பார்த்துக்கொள்ளலாம். மற்ற சரக்குக்கு பேட்ச் வேண்டாம், பில் போடும் வேகம் போய்விடும்.

ரீஆர்டர் லெவலை (இருப்பு எவ்வளவுக்கு இறங்கினால் மறுபடி வாங்க வேண்டும் என்ற அளவை) குரூப் வாரியாகத் திறந்து, ஐட்டம் ஐட்டமாக நிரப்புங்கள். எல்லா ஐட்டத்துக்கும் போட முயன்றால் பாதியில் நின்றுவிடும். ஹவுஸ் ஒயர், எம்சிபி, சுவிட்ச், சிமெண்ட் நான்கையும் முடித்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

பில் போடுபவரின் யூசர் ரோலில் மாஸ்டர் உண்டாக்கும் உரிமையை எடுத்துவிடுங்கள். புது ஐட்டம் போட ஒருவர் போதும். அது முடியாத சிறிய கடையில் வாரம் ஒருமுறை ஸ்டாக் சம்மரியைத் திறந்து முதல் திரையை மட்டும் பார்த்தால் போதும். எலக்ட்ரிக்கல், பிளம்பிங், ஹார்டுவேர், பெயிண்ட், சிமெண்ட் என்ற ஐந்து வரிக்கு நடுவே தனியாக ஒரு ஐட்டம் பெயர் தெரிந்தால், அது ஆல்ட்+சியில் அவசரமாகப் பிறந்து பிரைமரியிலேயே தங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்கு ஹெச்எஸ்என் இருக்காது, வரியும் இருக்காது. அந்த வரியில் நின்று கன்ட்ரோல்+என்டர் அழுத்தினால் மாஸ்டர் திறக்கும். யூனிட்டையும் பெயரையும் சரிபார்த்து, ஏற்கெனவே வேறு பெயரில் இருக்கிறதா என்று தேடிவிட்டு, உரிய குரூப்பின் கீழே தள்ளுங்கள்.